ஹார்ட்டில்பூல் குரங்குக் கதை
நெப்போலியன் போர்க்காலத்தில் கரையில் உடைந்த பிரெஞ்சுக் கப்பலிலிருந்து தப்பிய குரங்கை, இங்கிலாந்தின் டர்ஹாம் கவுண்டியிலுள்ள ஹார்ட்டில்பூல் ஊர் மீனவர்கள் எதிரி உளவாளி என்று தூக்கில் போட்டார்கள் என்பதை நான் படித்த ஒரு கட்டுரை நடந்த சம்பவமாகவே சொல்கிறது. எனக்கு நம்பிக்கை இல்லை. போர் முடிந்தது 1815இல், கதையை ஊரறியச் செய்த பாட்டை நெட் கோர்வன் என்ற பாடகர் மேடையில் பாடியதோ 1850களில், இடையில் உருப்படியான ஆவணம் எதுவும் கிடையாது. அப்புறம் இதே கதை ஸ்காட்லாந்தின் பாடம் (Boddam) என்ற கிராமத்திலும் உண்டு, அங்கே காரணம் மட்டும் வேறு: கப்பலில் ஒரு உயிர்கூட மிஞ்சாவிட்டால்தான் சரக்கு ஊராருக்குச் சேருமாம். 2005இல் கடற்கரையில் ஒரு எலும்பு ஒதுங்கியதும் குரங்கு கிடைத்துவிட்டது என்று பரபரத்தார்கள், சோதித்தால் சுமார் 6,000 ஆண்டு பழைய மான் எலும்பு! அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் இது ஊரைக் கேவலப்படுத்தும் கதை என்று கோபப்பட்டிருக்கிறார், ஆனால் ஊர்க்காரர்கள் அப்படி நினைப்பதாகத் தெரியவில்லை, அவர்களுடைய கால்பந்து அணியின் சின்னமே ஹாங்கஸ் என்ற குரங்குதான், அந்த வேஷத்தைப் போட்டு ஆடிய ஸ்டூவர்ட் டிரம்மண்ட் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச வாழைப்பழம் என்று சொல்லி 2002இல் மேயராகவே ஜெயித்தார், அதுவும் விளையாட்டுக்கு ஒரு தடவை இல்லை, 2005, 2009 என்று மேலும் இரண்டு முறை.