சீட் உயரத்தைப் பாருங்கள்
நாற்பதைத் தாண்டியவர்கள் சைக்கிள் மிதித்தால் மூட்டு தேய்ந்துவிடும் என்று ஒரு கட்டுரையில் படித்ததை என்னால் ஏற்க முடியவில்லை. உடல் எடையில் பெரும்பகுதியை சீட் தாங்கிக்கொள்வதால், ஓடுவதைவிட இதில் முழங்காலுக்குச் சுமை குறைவு. 51 வயதில் தொடங்கிய எனக்கும் முதல் வாரம் முட்டியின் முன்பக்கம் வலித்தது, உண்மைதான். சீட் ரொம்பத் தாழ்வாக இருக்கிறது என்று தெருமுனை சைக்கிள் கடைக்காரர்தான் கண்டுபிடித்தார். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அந்த அளவுக்கு உயர்த்திய பிறகு சில நாளில் வலி போயிற்று. அப்புறம், கனமான கியரில் முக்கி மிதிக்காமல் லேசான கியரில் வேகமாகச் சுற்றுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் குறைந்தது 150 நிமிட உடற்பயிற்சி என்பது ஐந்து நாள், தலா அரை மணி நேரம்தான். பெசன்ட் நகர் பக்கம் என்னோடு விடியற்காலையில் மிதிக்கும் நண்பருக்கு 63 வயது.