ஸ்னோடன் மீது தேசத்துரோகத் தீர்ப்பு எதுவும் இல்லை

அண்ணே, வணக்கம். அமெரிக்க உளவு அமைப்பின் ரகசிய ஆவணங்களை வெளியிட்ட எட்வர்ட் ஸ்னோடன், தேசத்துரோகக் குற்றத்துக்காக அமெரிக்காவில் தண்டிக்கப்பட்டவர் என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் காரைக்குடி வாட்ஸ்அப் குழுவிலும் இதே வரி சுற்றுகிறது, அதனால்தான் சொல்கிறேன்.

அவருக்கு எந்தத் தண்டனையும் விதிக்கப்படவில்லை. அவர் ரஷ்யாவில் இருப்பதால் விசாரணையே நடக்கவில்லை. 2013 ஜூன் 14 தேதியிட்ட புகாரில் இருப்பவை மூன்று குற்றச்சாட்டுகள்: அரசுச் சொத்தைத் திருடியது, தேசப் பாதுகாப்புத் தகவலை அனுமதியின்றிப் பகிர்ந்தது, ரகசிய உளவுத் தகவலை உரிமையில்லாதவருக்குத் தெரிந்தே கொடுத்தது. பின்னிரண்டும் உளவுச் சட்டப் பிரிவுகள். சின்ன விஷயமில்லை, ஒவ்வொன்றுக்கும் பத்தாண்டு வரை சிறை உண்டு. ஆனால் தேசத்துரோகம் அதில் இல்லை.

நீங்களே பார்க்கலாம். வர்ஜீனியா கிழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் பதிவான அந்தப் புகார்த் தாள் இணையத்தில் கிடைக்கிறது. பிரிவு எண்களை மட்டும் பாருங்கள்: 641, 793, 798. அமெரிக்கச் சட்டத்தில் தேசத்துரோகத்துக்கான பிரிவு 2381. பேரேட்டைப் புரட்டாமல் பாக்கி சொல்லாத ஊர்க்காரர்கள் நாம், இதையும் ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

அவர் நாட்டுக்கு விசுவாசமானவரா, என்ன நோக்கத்தில் செய்தார் என்ற உங்கள் கேள்விக்குள் நான் போகவில்லை. அந்த ஒரு வரியை மட்டும் திருத்திவிட்டால் நல்லது, அண்ணே.