எல்லாப் பழசையும் ரஸ்ட்டில் திருப்பி எழுத வேண்டுமா?

லினக்ஸ் இயங்குதளம் பற்றி ஒரு வரி எழுதினால் போதும், இப்போதெல்லாம் இரண்டு கட்சி கிளம்பிவிடுகிறது. ஒரு கட்சிக்கு, லினக்ஸின் பெரும்பகுதியை எழுதிய சி என்ற நிரல்மொழி செத்துவிட்டது, இருக்கிற எல்லாவற்றையும் ரஸ்ட் என்ற புதிய மொழியில் திருப்பி எழுதியாக வேண்டும். இன்னொரு கட்சிக்கு ரஸ்ட் என்பது சின்னப் பசங்களின் மோகம், தானாக அடங்கிவிடும். 2025 டிசம்பரில் டோக்கியோவில் கூடிய கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பராமரிப்பாளர்கள், ரஸ்ட் இனிமேல் சோதனை முயற்சி இல்லை, கெர்னலில் இருக்கத்தான் போகிறது என்று முடிவெடுத்த பிறகும் இந்தச் சண்டை ஓயவில்லை.

நான் இரண்டிலும் இல்லை. கெர்னல்காரர்கள் ரஸ்ட்டைக் கொண்டுவந்த விதம் சரி என்பது என் கட்சி. உபுண்டு என்ற லினக்ஸ் தொகுப்பில் நடப்பதில் பாதி அவசரக் குடுக்கைத்தனம். இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால் நாம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

முதலில் என்ன வியாதிக்கு இந்த மருந்து என்பதைப் பார்த்துவிடலாம். ஒரு டிரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்), யுஎஸ்பி சாதனம் ஒன்றுக்காக மெமரியில் கொஞ்சம் இடம் எடுக்கிறது. சாதனத்தைப் பிடுங்கியதும் அந்த இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஆனால் கெர்னலின் வேறொரு மூலையில் ஓடும் வேலை ஒன்று, அந்த இடத்தின் முகவரியை இன்னும் கையில் வைத்திருக்கிறது. வீட்டைக் காலி செய்த பிறகும் பழைய சாவியைத் திருப்பித் தராத வாடகைக்காரர் மாதிரி. அந்த இடத்துக்கு இப்போது வேறு யாராவது குடிவந்திருப்பார்கள். வந்திருப்பது தாக்குபவர் வேண்டுமென்றே கொண்டுவைத்த தரவு என்றால், பழைய சாவிக்காரர் அதை நம்பிச் செய்யும் ஒவ்வொரு காரியமும் தாக்குபவர் சொன்னபடி நடக்கும். எழுதிய நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் சி கம்பைலர் இதைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லாது. ரஸ்ட் கம்பைலரோ எந்த மெமரிக்கு யார் சொந்தக்காரர், யாருக்கு எவ்வளவு நேரம் இரவல் என்று கணக்கு வைத்துக்கொண்டு, கணக்கு உதைத்தால் கம்பைல் செய்யவே மறுத்துவிடும்.

‘கவனமாக எழுதினால் சி-யிலும் இந்தப் பிழை வராதே’ என்பார்கள். கெர்னலில் இப்போது சுமார் 4 கோடி வரிகள் இருக்கின்றன. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஆயிரக்கணக்கானவர்கள் எழுதுகிறார்கள். அத்தனை பேரும் எந்நேரமும் கவனமாக இருப்பார்கள் என்று நம்புவதைத் திட்டம் என்று சொல்ல மாட்டேன்.

இந்த விஷயத்தில் எனக்குக் கண்ணைத் திறந்தது கூகுள் வெளியிட்ட ஆண்ட்ராய்டு கணக்கு. 2019-இல் ஆண்ட்ராய்டின் பாதுகாப்பு ஓட்டைகளில் 76 சதவீதம் மெமரிப் பிழைகள். 2024-இல் அது 24 சதவீதம். பழைய கோடு (நிரல்) முழுவதையும் திருப்பி எழுதியா இதைச் சாதித்தார்கள்? இல்லை. பழைய சி, சி பிளஸ் பிளஸ் கோடு பெரும்பாலும் அப்படியே இருந்தது. புதிதாக எழுதுவதை மட்டும் பாதுகாப்பான மொழிகளுக்கு மாற்றினார்கள். மெமரிப் பிழைகளில் பெரும்பங்கு புதிதாக எழுதிய, அண்மையில் கைவைத்த கோடில்தான் இருக்கிறது. வயதாக ஆக ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிடுகிறார்கள். பத்து வருடம் அடிபட்ட கோடு, நேற்று எழுதியதைவிடப் பொதுவாகப் பத்திரமானது.

இதை மனதில் வைத்துக்கொண்டு கெர்னலைப் பாருங்கள். 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பில் ரஸ்ட்டுக்கு வெறும் சாரம் மட்டும்தான் கட்டினார்கள், அதை வைத்து உருப்படியாக ஒன்றும் செய்ய முடியாது. 6.8-இல் ஒரு சின்ன நெட்வொர்க் டிரைவர். 6.12-இல் கெர்னல் விழுந்தால் திரையில் க்யூஆர் கோடு காட்டும் பகுதி. (விண்டோஸின் நீலத்திரை கலாசாரத்தை நாமும் நாகரிகமாக வரவேற்றுக்கொண்டோம்.) 6.18-இல், இதே கெர்னல் மேல் ஓடும் ஆண்ட்ராய்டின் பைண்டர்.

இந்த பைண்டர் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. உங்கள் ஆண்ட்ராய்டு போனில் ஒரு ஆப் இன்னொன்றிடமோ சிஸ்டத்திடமோ எதைக் கேட்டாலும் பைண்டர் வழியாகத்தான் போகும். எவ்வளவு இறுக்கமாக அடைத்து வைத்த ஆப்புக்கும் இந்த வாசல் திறந்தே இருக்கும். 2019-இல் பைண்டரின் சி கோடில், நான் மேலே சொன்ன அதே பழைய சாவிப் பிழையை வைத்து நிஜமாகவே போன்களைத் தாக்கிக்கொண்டிருந்ததை கூகுளின் ப்ராஜெக்ட் ஜீரோ குழு வெளியிட்டது. அதனால் இது பழசாக இருந்தாலும் திருப்பி எழுதத் தகுந்த பழசு. அதையும் எப்படிச் செய்தார்கள்? சி பைண்டரைத் தூக்கி எறியவில்லை. ரஸ்ட் பைண்டரைப் பக்கத்தில் வைத்தார்கள், எது வேண்டுமோ அதைத் தேர்ந்துகொள்ளலாம்.

2025 டிசம்பரில் அந்த ரஸ்ட் பைண்டரிலேயே ஒரு பாதுகாப்புப் பிழை வந்தது. கெர்னலின் ரஸ்ட் கோடுக்கு சிவிஇ எண் (பாதுகாப்புப் பிழைகளுக்கான பொதுப் பதிவு எண்) கிடைத்தது அதுதான் முதல் முறை. ஒரே கொண்டாட்டம்! பார்த்தீர்களா, உங்கள் ரஸ்ட்டும் இப்படித்தான் என்று. பிழை இருந்தது, கம்பைலரால் முழுதாகச் சரிபார்க்க முடியாது என்று எழுதியவரே ‘அன்சேஃப்’ முத்திரை குத்திய பகுதியில். விளைவு, சிஸ்டம் விழலாம். அதே நாளில் கெர்னலின் சி கோடுக்கு வழங்கிய எண்கள் நூற்றைம்பதுக்கும் மேல். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

சரி, சி கட்சிக்காரர்கள் சொல்வதில் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. 2025 ஜனவரியில் அப்தியேல் ஜனுல்கே, சாதனங்கள் மெமரியை நேரடியாகத் தொடும் டிஎம்ஏ என்ற கெர்னல் பகுதியை ரஸ்ட் டிரைவர்கள் பயன்படுத்த ஒரு இடைமுகம் அனுப்பினார். அந்தப் பகுதியின் பராமரிப்பாளர் கிறிஸ்டோஃப் ஹெல்விக் முடியாது என்றுவிட்டார். கெர்னலில் இரண்டாவது மொழி பரவுவதைப் புற்றுநோய் என்கிற அளவுக்குப் போனது பேச்சு. அந்தச் சொல்லை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அதற்குப் பின்னால் இருந்த கவலை நியாயமானது. நாளைக்கு நான் என் சி ஃபங்ஷனை மாற்றுகிறேன், அதை நம்பியிருக்கும் ரஸ்ட் கோடு உடைகிறது. அதை யார் சரிசெய்வது? எனக்கு ரஸ்ட் தெரியாதே. ஒரு பகுதியை வருடக்கணக்கில் தோளில் சுமப்பவர் இதைக் கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பிப்ரவரியில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தீர்ப்புச் சொன்னார். உன் கோடுக்குள் ரஸ்ட்டை வரவிட வேண்டும் என்று உன்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் உன் கோடை வெளியிலிருந்து யார் பயன்படுத்தலாம், எந்த மொழியில் பயன்படுத்தலாம் என்பதில் உனக்குச் சொல் கிடையாது. சாராம்சம் இதுதான். உடைந்தால் சரிசெய்யும் பொறுப்பு ரஸ்ட்காரர்களுடையது. எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆனால் அந்தத் தீர்ப்பு வருவதற்குள் ஆப்பிள் கணினிகளில் லினக்ஸை ஓடவைத்த அசாஹி திட்டத்தின் ஹெக்டர் மார்ட்டின் பொறுப்பை விட்டுப் போய்விட்டார். பிறகு ஹெல்விக்கும் டிஎம்ஏ பொறுப்பிலிருந்து விலகினார். லினஸ் ஒரு மாதம் முன்னாலேயே வாயைத் திறந்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

இப்போது உபுண்டுவுக்கு வருவோம். 2025 அக்டோபரில் வந்த 25.10-இல், க்னூ கோர்யூட்டில்ஸை எடுத்துவிட்டு ரஸ்ட்டில் எழுதிய யூயூட்டில்ஸை வைத்தார்கள். எல்எஸ், கேட், டேட் என்று நாம் தினமும் தட்டுகிற கட்டளைகள் எல்லாம் இதில் அடக்கம். அந்த மாதமே ஒரு கூத்து. டேட் கட்டளையில் மைனஸ் ஆர் என்று போட்டு ஒரு ஃபைலின் பெயரைக் கொடுத்தால், அந்த ஃபைல் கடைசியாக எப்போது மாறியது என்று சொல்ல வேண்டும். புது டேட் அந்த ஆப்ஷனை மறுக்காமல் வாங்கிக்கொண்டது, ஆனால் அதை நிறைவேற்றும் கோடே எழுதப்படவில்லை. அதனால் இப்போதைய நேரத்தைச் சொன்னது. தானியங்கி அப்டேட் சோதனையோ, கடைசியாக எப்போது சோதித்தோம் என்று ஒரு ஃபைலின் நேரத்தைத்தான் பார்க்கிறது. கேட்கும்போதெல்லாம் ‘இப்போதுதான்’ என்று பதில் வந்தால் அது ஏன் வேலை செய்யும்? பாதுகாப்புக்காகச் செய்த மாற்றம், பாதுகாப்பு அப்டேட்டுகள் தானாக வருவதையே சத்தமில்லாமல் நிறுத்திவிட்டது. எரர் இல்லை, எச்சரிக்கை இல்லை. சர்வர் பார்த்துக்கொள்பவர்களுக்குத் தெரியும், சத்தம் போட்டு விழுகிற பிழை ஆயிரம் மடங்கு மேல்.

25.10 குறுகிய காலப் பதிப்பு, சோதனைக்காகத்தான் அதில் போட்டோம் என்பது உபுண்டுவை வெளியிடும் கேனானிக்கல் நிறுவனத்தின் தரப்பு. ஏற்றுக்கொள்கிறேன். என் கேள்வி வேறு. எல்எஸ், டேட் எல்லாம் என் உரிமையோடு மட்டும் ஓடுகிறவை. அவற்றில் ஒரு மெமரிப் பிழை கிடைத்தால் தாக்குபவருக்கு என்ன பெரிதாக லாபம்? முப்பது வருடம் போல அடிபட்டுப் பதப்பட்ட கோடு அது. அதன் மூலைமுடுக்கெல்லாம் எத்தனையோ ஸ்கிரிப்ட்டுகள் நம்பிக்கொண்டிருக்கும் பழக்கங்கள். கூகுள் கணக்கின்படி பார்த்தால் கடைசியாகத் தொட வேண்டிய இடத்தை முதலில் தொட்டிருக்கிறார்கள்.

அதே 25.10-இல் சூடோவையும் ரஸ்ட் பதிப்புக்கு மாற்றினார்கள். அதற்கு என் ஆதரவு உண்டு. சூடோ, ரூட் எனப்படும் முழு நிர்வாகி உரிமையோடு ஓடுவது. 2011-இல் நுழைந்த ஒரு மெமரிப் பிழை அதில் பத்து வருடம் போலக் கண்ணில் படாமல் உட்கார்ந்திருந்து 2021-இல்தான் வெளிவந்தது. பழசு பத்திரம் என்ற விதிக்கு விலக்கு எங்கே என்று கேட்டால் முதலில் இதைத்தான் காட்டுவேன்.

இன்னொன்று, இதை யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. க்னூ கோர்யூட்டில்ஸ் ஜிபிஎல் உரிமத்தில் இருப்பது, மாற்றி விநியோகித்தால் மாற்றத்தையும் திறந்து கொடுத்தாக வேண்டும். யூயூட்டில்ஸ் எம்ஐடி உரிமம், அந்தக் கட்டாயம் இல்லை. கெர்னலில் வரும் ரஸ்ட் கோடு ஜிபிஎல்லுக்குள்ளேயே இருக்கிறது. மொழி மாறும்போது உரிமமும் கூடவே நழுவுவது எனக்குப் பிடிக்கவில்லை.

அப்புறம், ரஸ்ட் வந்தால் எல்லாம் பத்திரம் என்பவர்களுக்கு ஒரே ஒரு பெயர்: எக்ஸ்இசட், ஃபைல்களைச் சுருக்கும் கருவி. 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை வினாடி தாமதமாகிறதே என்று துருவிப் போய் அதில் கண்டுபிடித்தது ஒரு பின்வாசல். யாரோ ஒருவர் வருடக்கணக்கில் உதவுவது போல நடித்து, தனியாளாகக் களைத்துப் போயிருந்த பராமரிப்பாளரிடமிருந்து பொறுப்பை வாங்கி உள்ளே வைத்தது. எந்த கம்பைலரும் இதைத் தடுத்திருக்காது.

அடுத்து நான் கவனிப்பது கிராஃபிக்ஸ் பக்கம். இன்னும் ஒரு வருடம் போல ஆனால் தங்கள் பகுதியில் புது டிரைவர்களை சி-யில் ஏற்கமாட்டோம் என்ற நிலை வரும் என்று அதைப் பார்த்துக்கொள்ளும் டேவ் ஏர்லி டோக்கியோவில் சொல்லியிருக்கிறார். என்விடியா கார்டுகளுக்கான நோவா டிரைவர் ரஸ்ட்டிலேயே வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்தக் கார்டுகளுக்குள் ஓடும் ஃபர்ம்வேர் பதிப்புக்குப் பதிப்பு பேச்சை மாற்றும், அதைச் சமாளிக்க ரஸ்ட் வசதி என்கிறார்கள். பழைய கார்டுகளுக்கு நூவோ டிரைவர் சி-யில் அப்படியே இருக்கும். யாரும் அதைத் திருப்பி எழுதக் கிளம்பவில்லை. உபுண்டு தரப்பு நண்பர்கள் இதைக் கொஞ்சம் பார்த்தால் நல்லது.