‘க்யூ’வுக்குப் பின் ‘யூ’ வராத ஐந்தெழுத்துச் சொல் இல்லையா?

ஆங்கிலத்தில் ‘க்யூ’ என்ற எழுத்தை அடுத்து ‘யூ’ வராத ஐந்தெழுத்துச் சொல் ஒன்றுகூடக் கிடையாது என்று சொல் விளையாட்டுப் பிரியர்களிடையே ஒரு தகவல் பரவி வருகிறது. இது தவறு.

ஈரானில் மலையடிவாரத்து நிலத்தடி நீரைச் சுரங்கக் கால்வாய் வழியே சமவெளிக்குக் கொண்டுவரும் ‘கனாத்’ என்ற அமைப்பின் பெயரை ஆங்கில அகராதிகள் க்யூ, ஏ, என், ஏ, டீ என்றே எழுதுகின்றன. எண்ணிப் பார்த்தால் சரியாக ஐந்து எழுத்துகள், அவற்றில் ‘யூ’ இல்லவே இல்லை. நிகாப், தலாக், ஃபகீர் ஆகியவற்றுக்கும் ‘க்யூ’ இட்டெழுதும் ஐந்தெழுத்து வடிவங்கள் உண்டு. புர்கா சற்று வேடிக்கையானது: அதில் ‘யூ’ இருக்கிறது, ஆனால் ‘க்யூ’வுக்கு முன்னால்.

‘க்யூ’வை அடுத்து ‘யூ’ வரும் என்று பள்ளியில் கற்பிக்கும் விதி பொய்யல்ல. அதற்கு ஓர் எல்லை உண்டு, அவ்வளவுதான். பழைய ஆங்கிலத்தில் ‘குயீன்’ என்ற சொல்லின் தொடக்கம் ‘சி, டபிள்யூ’ என்றே எழுதப்பட்டது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னரே, பிரெஞ்சு முறையைப் பின்பற்றிய எழுத்தர்களால் ‘க்யூ, யூ’ இணை நிலைபெற்றது. அரபியின் ‘காஃப்’ எழுத்தைக் குறிக்க வெறும் ‘க்யூ’வைப் பயன்படுத்தும் பிற்காலக் கடன்சொற்களை அந்த விதி கட்டுப்படுத்தாது.