பகுதிநேரப் பிள்ளைகளுக்கும் சொக்சோ உண்டு

அண்ணே, சொக்சோ (வேலையில் அடிபட்டவருக்கு உதவும் மலேசியச் சமூகப் பாதுகாப்புத் திட்டம்) பற்றி, "எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) எழுதிவிட்டு மூன்று மாதம் கடையில் நிற்கும் பையனுக்கு சொக்சோ கிடையாது, கையில் வேலைக் கடிதமும் இல்லை, அடிபட்டால் அவன் பாடு" என்று எழுதியிருக்கிறீர்களே, அது தப்பு. சொக்சோவுக்கான 1969 சட்டத்தில் பகுதிநேரம், முழுநேரம் என்ற பேதம் இல்லை, ஆளை வேலைக்கு வைத்த 30 நாளுக்குள் முதலாளி பதிய வேண்டும். வாய்ப்பேச்சில் முடிந்த வேலையும் ஒப்பந்தம்தான்.

அப்புறம், 18 வயது ஆகாத பிள்ளையை இரவு 8 முதல் காலை 6 வரை கடையில் வேலைக்கு நிறுத்தவே கூடாது, சிறுவர், இளையோர் வேலை பற்றிய 1966 சட்டம் அப்படித்தான் சொல்கிறது (தோட்ட வேலைக்கு அந்த நேரக் கட்டு இல்லை, நம் பேராக் சுங்கை சிப்புட்டில் பலர் குழம்புவது இங்கேதான்). என் தங்கை மகன் பத்து மணிக்குக் கடை சாத்திவிட்டு இருட்டில் எஸ்டேட் ரோட்டில் மோட்டார் சைக்கிளில் வருவான். வேலைக்குப் போய்வரும் வழியில் விழுந்தாலும் சொக்சோவில் கேட்கலாம், அதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.