கார்ன் சிரப்புக்குப் பதில் தேனா? பரவும் தகவல் தவறு

“கேக், மிட்டாய்க் குறிப்புகளில் வரும் கார்ன் சிரப்பும் ஹை ஃப்ரக்டோஸ் கார்ன் சிரப்பும் ஒன்றுதான். அதே அளவு தேன் ஊற்றுங்கள், கைக்குழந்தைக்கும் கொடுக்கலாம்” என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது.

இரண்டும் சோள மாவுச்சத்திலிருந்து செய்யும் இனிப்புப் பாகுதான், ஆனால் ஒன்றல்ல. சாதாரண கார்ன் சிரப்பில் இருக்கும் சர்க்கரை பெரும்பாலும் குளுக்கோஸ். ஹை ஃப்ரக்டோஸ் வகையில் நொதி கொண்டு அதில் ஒரு பகுதியை ஃப்ரக்டோஸ் என்ற வேறொரு சர்க்கரையாக மாற்றியிருப்பார்கள். வழக்கமாக 42 அல்லது 55 சதவீதம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் இணையதளத்தில் இதைப் பார்க்கலாம். சில பாட்டில்களில் இரண்டும் கலந்திருக்கும் என்பதால் லேபிளைப் படித்து வாங்குங்கள்.

மிட்டாய்ப் பாகில் கார்ன் சிரப்பின் முக்கிய வேலை, சீனி மறுபடி படிகமாகி மணல் போல நறநறக்காமல் தடுப்பது. பேக்கிங் கடைகளில் கிடைக்கும் லிக்விட் குளுக்கோஸ் இதற்கு நன்றாகவே பொருந்தும். கரும்புச் சர்க்கரையில் செய்யும் கோல்டன் சிரப்பும் சரிதான். எதுவும் இல்லையா, பாகு கொதிக்கும்போது சில சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். சீனியில் ஒரு பகுதி உடைந்து குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் ஆகிவிடும், அதுவும் படிகமாவதைத் தடுக்கும். தேன் கேக்குக்கு ஒத்துவரும். ஆனால் கடின மிட்டாய்க்குப் பாகை 150 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்ச வேண்டும். அந்தச் சூட்டில் தேன் எளிதில் கருகிக் கசந்துவிடலாம்.

உண்மையில் ஆபத்தானது, கைக்குழந்தைக்கும் கொடுக்கலாம் என்ற அந்தத் தகவலின் கடைசிப் பகுதி. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய, பாட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் கிருமியின் வித்துகள் வீட்டுச் சமையல் சூட்டில் சாகும் என்று நம்ப முடியாது. உலக சுகாதார நிறுவனமும் இதையே எச்சரிக்கிறது. உங்கள் குழந்தை மருத்துவரிடமும் கேளுங்கள். அந்தத் தகவலைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.