காரணம் கேட்டால் சிரிப்பு வருகிறதா?

நீதிபதிகளை யார் தேர்ந்தெடுப்பது என்று ஞாயிற்றுக்கிழமை நடந்த விவாதக் கூட்டத்து வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கிருஷ்ணகிரி வாட்ஸ்அப் குழுக்களில் சிரிப்புப் பொம்மையோடு சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் நான் கேட்ட கேள்வி இல்லை. என் கையிலிருந்து மைக்கை வாங்கிய இடத்திலிருந்துதான் வீடியோ ஆரம்பிக்கிறது. அதனால் முழுக் கேள்வியையும் இங்கே எழுதுகிறேன். என் பக்கத்தில் மைக்கைப் பிடுங்க ஆள் இல்லை.

கேள்வி இதுதான். உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகளைக் கொலீஜியம் என்கிற மூத்த நீதிபதிகள் குழு தேர்ந்தெடுத்தாலும் சரி, சட்ட அமைச்சரும் சேர்ந்த ஒரு ஆணையம் தேர்ந்தெடுத்தாலும் சரி, ஏன் இவர், ஏன் அவர் இல்லை என்று காரணத்தை எழுதி வெளியிட என்ன தடை?

அவ்வளவுதான் கேட்டேன். அதற்குத்தான் அந்த மூத்த வழக்கறிஞர், "கோர்ட் வாசல்ல டைப் அடிக்கிற அம்மா எல்லாம் கொலீஜியம் பத்திப் பேச ஆரம்பிச்சா நாடு தாங்காதும்மா" என்றார். மண்டபமே சிரித்தது. அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர் மனுக்களில் வரும் எழுத்துப் பிழைகளை யார் திருத்திக் கொடுக்கிறார்கள் என்பதையும் சொல்லப் போவதில்லை.

மேடையில் இரண்டு அணி. ஒரு அணி, 2025 மார்ச்சில் டெல்லியில் நீதிபதி யஷ்வந்த் வர்மா வீட்டில் தீப்பிடித்தபோது எரிந்த நோட்டுக்கட்டுகள் கிடந்ததாக வந்த செய்தியைப் பிடித்துக்கொண்டு, கொலீஜியத்தின் லட்சணத்தைப் பாருங்கள் என்றது. (அந்தப் பணம் தன்னுடையது இல்லை என்று அவர் மறுத்திருக்கிறார். அதை மேடையில் யாரும் சொல்லவில்லை.) இன்னொரு அணி 1973ஐ எடுத்தது. மூன்று மூத்த நீதிபதிகளை ஓரங்கட்டி ஏ.என்.ரேயைத் தலைமை நீதிபதியாக்கியது அன்றைய அரசு. நெருக்கடி நிலைக் காலத்து ஆள்கொணர்வு வழக்கில் அரசுக்கு எதிராகத் தனி ஆளாக மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய எச்.ஆர்.கன்னாவை 1977இல் தாண்டி, அவருக்கு இளையவரைத் தலைமை நீதிபதியாக்கினார்கள். அரசு கையில் கொடுத்தால் இதுதான் கதி என்றார்கள். சரி, இரண்டு பேர் பயத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு பேரும் அடுத்தவன் குற்றத்தை மட்டும்தான் சொன்னார்கள்.

1993இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, நியமனத்தில் நீதிபதிகளின் முடிவுக்கே முதலிடம் என்றது. 1998இல் அது ஐந்து பேர் கொலீஜியம் ஆனது. 2014இல் நாடாளுமன்றம், கொலீஜியத்துக்குப் பதிலாக ஆணையம் என்று சட்டம் கொண்டுவந்தது. 2015 அக்டோபர் 16 அன்று நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ரத்து செய்யக் கூடாது என்ற அந்த ஒருவர் நீதிபதி செலமேஸ்வர். கொலீஜியத்துக்குள் என்ன நடக்கிறது என்பது மக்களுக்கும் தெரியாது, வரலாற்றுக்கும் தெரியாது என்கிற பொருளில் எழுதினார். அப்புறம் அவரே கொலீஜியத்தில் உறுப்பினராகி, பேசுவதைப் பதிவு செய்வதில்லை என்று கூட்டத்துக்கே போகாமல் இருந்தார். உள்ளே இருந்த நீதிபதி சொன்னால் அது துணிச்சல், வாசலில் இருக்கிற நான் கேட்டால் நாடு தாங்காது!

ஆணையம் வந்திருந்தால் மட்டும்? ஆறு பேர். தலைமை நீதிபதி, இரண்டு மூத்த நீதிபதிகள், சட்ட அமைச்சர், புகழ்பெற்றவர்கள் இருவர். யாராவது இரண்டு பேர் வேண்டாம் என்றால் அந்தப் பெயர் போச்சு. ஏன் வேண்டாம் என்று ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று அந்தச் சட்டத்திலும் இல்லை. பழைய பூட்டை உடைத்துவிட்டு வேறு கம்பெனிப் பூட்டு போடுவதற்குப் பெயர் சீர்திருத்தமாம்.

என் தொழிலிலிருந்து ஒன்று சொல்கிறேன். அப்பீல் போடக் கெடு தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு போட வேண்டும், கூடவே பிரமாணப் பத்திரம். ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் காரணம் வேண்டும் என்பது நான் இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து கேட்கிற பாட்டு. அஞ்செட்டிப் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்தார், நிலத் தகராறு. தீர்ப்பு வந்த சமயத்தில் மகன் பெங்களூருவில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்துவிட்டான். இவர் ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே கிடந்தார். மனுவில் மகனுக்கு உடல்நிலை சரியில்லை என்று எழுதினோம். ரிட்டர்ன் ஆனது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை? டிஸ்சார்ஜ் சீட்டு எங்கே? அதற்குப் பிறகான நாட்களுக்கு என்ன காரணம்? அவருக்குத் தேதியே சொல்லத் தெரியாது. அமாவாசைக்கு முந்தி, சந்தைக்கு மறுநாள் என்று அவர் சொல்லச் சொல்ல, காலண்டரைப் புரட்டிப் புரட்டி நான் கணக்குப் போட்டேன். கைநாட்டு வைத்தார். அப்படிக் கேட்டதைத் தப்பு என்று சொல்லவில்லை. எதிர்த்தரப்புக்கும் நியாயம் வேண்டும் இல்லையா? கைநாட்டு வைக்கிறவர் நாள் கணக்கில் காரணம் சொல்ல வேண்டும் என்றால், டெல்லியில் இருப்பவர்களும் சொல்லட்டுமே!

சென்னை உயர் நீதிமன்ற வழக்கறிஞர் ஜான் சத்யன் பெயரை அங்கேயே நீதிபதி பதவிக்குக் கொலீஜியம் 2022 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. பிரதமரை விமர்சித்த ஒரு கட்டுரையைச் சமூக வலைத்தளத்தில் பகிர்ந்தார் என்று உளவுத் துறை எழுதி அனுப்பியது. அதெல்லாம் தகுதிக் குறைவு ஆகாது என்று 2023 ஜனவரியில் கொலீஜியம் அதே பெயரை மறுபடி அனுப்பியது. அப்படி மறுபடி அனுப்பினால் ஒன்றிய அரசு மூன்று நான்கு வாரத்தில் நியமிக்க வேண்டும் என்று 2021இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நியமன ஆணை வரவே இல்லை. ஒரு நாள் தாமதத்துக்காவது யாராவது பிரமாணப் பத்திரம் போட்டார்களா?

உடனே "அக்கா ஒன்றிய அரசை மட்டும் குறை சொல்றாங்க" என்று கிளம்ப வேண்டாம். கொலீஜியம் 2017இலிருந்து தீர்மானங்களை இணையத்தில் போட்டது, காரணங்களும் ஓரளவு இருந்தன. பிறகு பல சமயம் காரணங்கள் சுருங்கிப் பெயர்ப் பட்டியல் மட்டும் மிஞ்சியது. 2018 டிசம்பரில் நடந்த ஒரு கூட்டத்தின் விவரத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டவருக்கு, இறுதித் தீர்மானத்தைத் தவிர எதையும் தர வேண்டியதில்லை என்று 2022இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஊருக்கெல்லாம் காரணம் கேட்கிற இடம் அது.

நிராகரிக்கப்பட்டவரின் காரணத்தை வெளியே சொன்னால் அவர் பெயர் கெடாதா என்று ஒரு தம்பி இன்பாக்ஸில் கேட்டிருந்தார். எங்கள் டைப்பிங் கடைக்கு வருகிறவர்களின் விவாகரத்து, கடன், குடி எல்லாமே மனுவில் ஏறி ஊரறியக் கிடக்கிறது தம்பி. பெரிய மனிதர்களுக்கு மட்டும் கூச்சமா? அவ்வளவுதான் இதற்குப் பதில்.

அடுத்தது மெரிட். கூட்டத்தில் அதிகம் கைதட்டல் வாங்கிய சொல். சமூகப் பிரதிநிதித்துவம் கேட்டால் மெரிட் போய்விடுமாம். 2018 முதல் உயர் நீதிமன்றங்களில் நியமிக்கப்பட்ட 715 நீதிபதிகளில் பட்டியல் சாதியினர் 22, பழங்குடியினர் 16, இதர பிற்படுத்தப்பட்டோர் 89, சிறுபான்மையினர் 37. 2025இல் ஒன்றிய சட்ட அமைச்சரே நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கு. 1993 தீர்ப்பிலேயே எங்கள் தமிழ்நாட்டு நீதிபதி ரத்தினவேல் பாண்டியன் இந்தப் பிரதிநிதித்துவத்தைப் பற்றித் தனியாக எழுதினார். கொலீஜியம் வேண்டும் என்கிறவர்கள் அந்தத் தீர்ப்பைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள், அவர் எழுதிய பக்கங்களை மட்டும் புரட்டுவதில்லை.

கீழ்க் கோர்ட்டு சிவில் நீதிபதிக்கு டிஎன்பிஎஸ்சி தேர்வு வைக்கிறது. அறிவிப்பு உண்டு, பாடத்திட்டம் உண்டு, இட ஒதுக்கீடு உண்டு. 2024இல் ஜவ்வாது மலையைச் சேர்ந்த மலையாளிப் பழங்குடிப் பெண் 23 வயதில் அதில் தேறினார். குழந்தை பிறந்த சில நாளில் சென்னைக்குப் போய்த் தேர்வு எழுதியவர். அப்போது இதே வழக்கறிஞர்கள் பூங்கொத்து படத்தோடு பதிவு போட்டார்கள். அந்தப் பெண் ஒரு நாள் உயர் நீதிமன்றம் போக வேண்டுமென்றால் என்ன பாடத்திட்டம், யார் மதிப்பெண் போடுவார்கள்? சொல்லுங்கள் பார்ப்போம்.

என் அம்மா ஊர் அரூர்ப் பக்கம். அங்கே இருக்கிற பழங்குடிக் கிராமம் வாச்சாத்தியைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 1992 ஜூன் 20 அன்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் அந்த ஊருக்குள் நுழைந்தன. 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். 269 பேர் மேல் வழக்கு. 2011 செப்டம்பரில் தருமபுரி நீதிமன்றம் உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. மற்ற 54 பேர் அதற்குள் செத்துப்போனார்கள். மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி வேல்முருகன் 2023 மார்ச்சில் ஊருக்கே நேரில் வந்து பார்த்தார், செப்டம்பரில் தண்டனையை உறுதி செய்தார். வராமலும் தீர்ப்பு எழுதியிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் வந்தார். அந்த நாற்காலியில் யார் உட்காருகிறார் என்பது அந்த ஊர்ப் பெண்களுக்கு முக்கியம் இல்லையா? முப்பது வருடம் காத்திருந்தவர்களில் ஒருத்தி எழுந்து நின்று, நீதிபதியை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று கேட்டிருந்தால் அவளிடமும் நாடு தாங்காது என்றுதான் சொல்லியிருப்பீர்களா?

எனக்குக் கோபம் வழக்கறிஞர் மேல் இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன். பொய் எதற்கு, இருக்கிறது. அவரைவிட, சிரித்தவர்கள் மேல் அதிகம். பாதிப் பேர் எங்கள் கடையில் டீ குடித்தவர்கள். "வக்கீலுங்களப் பகைச்சுக்காதீங்க அக்கா, பிழைப்பு போயிடும்" என்று அக்கறையாகச் சொன்னவர்களுக்கு ஒரு தகவல். திங்கட்கிழமை காலை, முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்த ஜூனியர் ஒருவர் தாமத மன்னிப்பு மனு அடிக்கக் கடைக்கு வந்தார். காரணம் எழுத வேண்டிய பத்தி காலியாக இருந்தது. "அது உங்களுக்கே தெரியும் அக்கா, நீங்களே போட்டுடுங்க" என்றார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனுதாரரைக் கூப்பிட்டு, ஒவ்வொரு தேதியாகக் கேட்டு, நான்தான் எழுதினேன்.